ஸ்பானியச் சொல் ஒன்று, ஆங்கிலப் பொருள் நான்கு: புதிதாகக் கற்போருக்கான வழிகாட்டி

தெஹார் என்ற ஸ்பானிய வினையை ஆங்கில அகராதியில் தேடினால் லீவ், லெட், அலவ், குவிட் என்று நீளமாக ஒரு பட்டியல் வரும். ஸ்பெயினில் பேனா இரவல் கேட்பவரும் இதே வினையைச் சொல்வதால் சில அகராதிகள் லெண்ட் என்பதையும் சேர்க்கும். புதிதாகப் படிப்பவர் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்யப் பார்த்து, மறுநாளே இரண்டை மறந்துவிடுவார். தமிழில் வைத்துப் பார்த்தால் சிக்கல் பெரும்பாலும் அவிழ்ந்துவிடும். தெஹாமே, என்னை விடு. தெஹாமே பஸார், என்னைப் போக விடு. தெஹோ தெ ஃபுமார், புகைப்பதை விட்டார். தெஹே எல் லீப்ரோ என் காஸா, புத்தகத்தை வீட்டில் விட்டுவிட்டேன். நான்கு இடத்திலும் நம்முடைய 'விடு' பொருந்துகிறது.

எல்லாச் சொல்லும் இப்படி வாய்க்காது. தமிழில் ஒன்றாக இருப்பது ஸ்பானியத்தில் மூன்றாகப் பிரிவதும் உண்டு. நம்மில் பெரும்பாலோர் ஆங்கிலம் வழியாகத்தான் ஸ்பானியம் படிக்கிறோம். பாடநூல், செயலி, அகராதி எல்லாமே ஆங்கிலத்தில் விளக்குகின்றன. அதைத் தவிர்க்க வேண்டாம். ஆனால் ஆங்கிலப் பொருளைப் படித்ததும் அப்படியே மனத்தில் போட்டுக்கொள்ளாமல், அந்த ஸ்பானிய வாக்கியத்தைத் தமிழில் எப்படிச் சொல்வோம் என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள். எங்கே நேராகப் பொருந்துகிறது, எங்கே முரண்படுகிறது என்று தெரிந்துவிட்டால், அன்றாடம் புழங்கும் சொற்களில் குழப்பம் வெகுவாகக் குறையும்.

முதலில் ஒலி

கீழே ஸ்பானியச் சொற்களைத் தமிழ் எழுத்தில் கொடுத்திருக்கிறோம். உங்கள் குறிப்பேட்டில் மட்டும் ரோமன் எழுத்திலேயே, அழுத்தக் குறியோடு எழுதுங்கள். ஒலியில் நமக்குச் சில வசதிகள் உண்டு. ஸ்பானிய 'த' நம் தகரம் போல் பல்லில் நாக்கு படும் ஒலி, ஆங்கில 'ட' அல்ல. நாதா என்பதில் இரண்டு உயிரெழுத்துக்கு நடுவே வரும் த, 'அது' என்பதில் வருவதுபோல் மெலிந்து ஒலிக்கும். மேலே வளைகோடு போட்ட ரோமன் 'என்' எழுத்து (ñ) நம் ஞ தான். அந்தக் கோட்டை விட்டுவிடாதீர்கள்: அஞோ என்றால் ஆண்டு, அனோ என்றால் ஆசனவாய். வயதைச் சொல்லும்போது இந்தப் பிழை வந்தால் கேட்பவர் சிரித்துவிடுவார். இங்கே 'வ' என்று எழுதியிருப்பதை உதடு சேர்த்து, ஆங்கில பி எழுத்துக்கு நெருக்கமாகச் சொல்ல வேண்டும். ஒற்றை ர, உருட்டும் ற இரண்டும் பொருளையே மாற்றும்: பெரோ என்றால் 'ஆனால்', பெறோ என்றால் நாய்.

அழுத்தக் குறியும் எழுத்தின் பகுதிதான். பாபா என்பதில் முதல் அசையில் அழுத்தம் விழுந்தால் லத்தீன் அமெரிக்காவில் உருளைக்கிழங்கு, கடைசி அசையில் விழுந்தால் அப்பா. ஸி என்பது குறியோடு எழுதினால் 'ஆம்', குறி இல்லாவிட்டால் 'என்றால்'.

எந்தச் சொற்களிலிருந்து தொடங்குவது

பழங்கள், நிறங்கள், விலங்குகள் என்று தொடங்கும் பாடங்கள் பார்க்க நன்றாக இருக்கும், வாக்கியம் படிக்க உதவாது. ஸ்பெயினின் மொழிக் கழகமான ரியால் அகாதெமியா எஸ்பஞோலா தன் சொல்தொகுப்பிலிருந்து வெளியிட்ட பட்டியலில் அதிகம் வரும் முதல் பத்துச் சொற்கள் இவை: தெ, லா, கெ, எல், என், இ, ஆ, லோஸ், செ, தெல். எல்லாமே குட்டிச் சொற்கள். இவற்றுக்கு அடுத்தபடியாக செர், எஸ்தார், தெனேர், அஸேர், ஈர், போன்ற வினைகளை எடுங்கள். ஒரு நாளைக்கு ஐந்து வாக்கியம் போதும். ஐம்பது தனிச் சொற்களைவிட அது பயன்படும்.

குறிப்பேட்டின் ஒவ்வொரு பதிவிலும் நான்கு விஷயங்கள் இருக்கட்டும். பெயர்ச்சொல் என்றால் எல் அல்லது லா சேர்த்தே எழுதுங்கள். அதன்கீழ் ஒரு முழு வாக்கியம், அடுத்து அதே கருத்தை வீட்டில் நாம் சொல்லும் தமிழில் ஒரு வாக்கியம், கடைசியாக எந்த நாட்டு வழக்கு என்ற குறிப்பு. ஆங்கிலப் பொருளை எழுதியே ஆக வேண்டும் என்றால் ஓரத்தில் சிறிதாக எழுதுங்கள்.

செர், எஸ்தார்: ஆங்கிலம் 'இஸ்' என்று முடித்துவிடும் இடம்

நிரந்தரமானதற்கு செர், தற்காலிகமானதற்கு எஸ்தார் என்று பல பாடநூல்கள் சொல்லும். சீக்கிரமே கைவிடும் விதி இது. மாட்ரிட் ஸ்பெயினில்தான் நிரந்தரமாக இருக்கிறது, அதற்கு எஸ்தார் வரும். இறந்தவர் திரும்புவதில்லை, அதற்கும் எஸ்தார்தான்.

தமிழில் சொல்லிப் பாருங்கள். 'அவர் டாக்டர்' என்பதில் வினையே இல்லை. அங்கே ஸ்பானியத்தில் செர் வரும்: எல் எஸ் மெதிகோ. 'அவர் வீட்டில் இருக்கிறார்' என்பதில் இருக்கிறார் வருகிறது, அங்கே எஸ்தார்: எஸ்தா என் காஸா. பலருக்கும் இடறும் ஓர் இடமும் இதிலேயே சரியாகும். இடத்துக்கு எஸ்தார் என்று படித்தவர்கள் நிகழ்ச்சி நடக்கும் இடத்துக்கும் அதையே போடுவார்கள். ஸ்பானியர் சொல்வது லா போதா எஸ் என் செவீயா. நாமும் 'கல்யாணம் செவீயாவில்' என்று வினை இல்லாமல்தான் சொல்கிறோம்.

குணத்தைச் சொல்லும்போது இந்த உதவி நின்றுவிடும். 'வீடு பெரிசா இருக்கு' என்று நாம் சொன்னாலும் ஸ்பானியத்தில் லா காஸா எஸ் க்ராந்தே, செர் தான். ஆகவே குணச்சொற்களை இரட்டை இரட்டையாகப் படியுங்கள். எஸ் லீஸ்தோ, புத்திசாலி. எஸ்தா லீஸ்தோ, தயாராகிவிட்டான். எஸ் ரீகோ, பணக்காரன். எஸ்தா ரீகோ, சாப்பாடு ருசி. எஸ் அபுறீதோ, கேட்பவருக்குச் சலிப்பூட்டும் ஆள். எஸ்தா அபுறீதோ, அவனுக்கே சலிப்பாக இருக்கிறது. எஸ் வெர்தே, நிறம் பச்சை. எஸ்தா வெர்தே, இன்னும் பழுக்கவில்லை.

மூன்றாவதாக ஆய் இருக்கிறது. முன்பின் அறியாத ஒன்று இருக்கிறது என்று முதன்முறையாகச் சொல்லும்போது அது வரும்: ஆய் உனா ஃபார்மாஸியா, ஒரு மருந்துக்கடை இருக்கிறது. எந்தக் கடை என்று இருவருக்கும் தெரிந்தபின் லா ஃபார்மாஸியா எஸ்தா அகீ, அந்த மருந்துக்கடை இங்கே இருக்கிறது.

எனக்குப் பிடிக்கும், எனக்கு வலிக்கிறது

ஆங்கிலத்தில் சிந்திப்பவர்களை மாதக்கணக்கில் திணற வைக்கும் குஸ்தார் வினை நமக்கு எளிது. மெ குஸ்தா எல் கஃபே என்பது 'எனக்குக் காபி பிடிக்கும்' என்ற அமைப்பேதான். பிடித்த பொருள்தான் எழுவாய், நான் நான்காம் வேற்றுமையில் நிற்கிறேன். மெ துவேலே லா கபேஸா, எனக்குத் தலை வலிக்கிறது. இங்கும் நம்மைப் போலவே அவர்கள் 'என் தலை' என்பதில்லை. மெ பரேஸே, எனக்குத் தோன்றுகிறது. மெ ஃபால்தா தியெம்போ, எனக்கு நேரம் போதவில்லை.

கவனிக்க வேண்டியவை இரண்டு. பிடித்தது பலவாக இருந்தால் வினையும் பன்மையாகும்: மெ குஸ்தான் லோஸ் மாங்கோஸ். நம் 'பிடிக்கும்' மாறுவதில்லை என்பதால் இதில் தவறிவிடுவோம். அடுத்தது ஆட்களைப் பற்றியது. ஒருவரை மெ குஸ்தா என்றால் பெரும்பாலும் காதல் ஈர்ப்பு என்றே கேட்பவர் எடுத்துக்கொள்வார். பக்கத்து வீட்டுக்காரரை நல்ல மனிதர், பிடிக்கும் என்று சொல்ல மெ காயே பியென் என்பதே பாதுகாப்பு.

பசி, தாகம், தூக்கம், வயது இந்த அமைப்பில் சேராது. அவற்றைத் தெனேர், அதாவது 'உடைத்தாயிரு' என்ற வினையால் சொல்வார்கள்: தெங்கோ ஆம்ப்ரே, தெங்கோ வெயிந்தே அஞோஸ். புழுக்கமாக இருந்தால் தெங்கோ கலோர். ஆங்கிலத்தை அப்படியே பெயர்த்து எஸ்தோய் கலியெந்தே என்று சொன்னால் காம வேட்கை என்ற பொருள் வரும். தண்ணீர் சூடாக இருந்தால் மட்டும் கலியெந்தே.

தமிழ் ஒன்று, ஸ்பானியம் பல

'கேள்' என்ற வினைதான் இங்கே பெரிய கண்ணி. தகவல் கேட்டால் ப்ரெகுந்தார். பொருளோ உதவியோ கேட்டால் பெதீர். உணவகத்தில் பில் கேட்பது பெதீர் லா குவெந்தா. காதில் விழுவது ஓயீர். காது கொடுத்துக் கேட்பது எஸ்குச்சார். ஆங்கில 'ஆஸ்க்' முதல் இரண்டையும் ஒன்றாக்கிவிடுவதால் பில்லுக்கும் ப்ரெகுந்தார் போடுபவர்கள் நிறைய.

'தெரியும்' என்பதும் அப்படியே. செய்தியோ திறமையோ தெரிந்தால் சபேர். ஆளோ ஊரோ பழக்கப்பட்டிருந்தால் கொனொஸேர். சாபெஸ் நதார் என்றால் 'உனக்கு நீந்தத் தெரியுமா'. ஆங்கிலத்தில் 'கேன்' என்று போவதால் சிலர் பொதேர் வினையைத் தேடுவார்கள். தமிழ் வாக்கியத்தைப் பின்பற்றினாலே சரியாக வரும். இந்த இரண்டு வினைகளும் முடிந்த இறந்தகாலத்தில் வேறு முகம் காட்டும்: சூபே என்றால் எனக்குத் தெரியவந்தது, கொனொஸீ ஆ மரியா என்றால் மரியாவை முதன்முதலாகச் சந்தித்தேன். சபேர் வினைக்குச் சுவை என்ற பொருளும் உண்டு. சாபே ஆ லிமோன், எலுமிச்சைச் சுவை அடிக்கிறது.

'வா' என்பதில் தமிழும் ஆங்கிலமும் ஒரு பக்கம், ஸ்பானியம் மறுபக்கம். தொலைபேசியில் நாம் 'உங்க வீட்டுக்கு வர்றேன்' என்போம். ஸ்பானியத்தில் வெனீர் என்பது பேசுபவர் இருக்கும் இடத்தை நோக்கி வருவது மட்டுமே. உங்கள் வீட்டுக்கு நான் புறப்படுவது 'போவது'தான்: வோய் ஆ து காஸா. யாராவது கூப்பிட்டால் 'இதோ வர்றேன்' என்பதற்கும் யா வோய். கொண்டுவருவதும் அப்படியே. உங்கள் இடத்துக்கு நான் கொண்டுவந்தால் யெவார், என் இடத்துக்கு நீங்கள் கொண்டுவந்தால் த்ராயேர்.

யெவார் வினையை இங்கேயே முடித்துவிடலாம். உடை உடுத்தியிருப்பதும் யெவார். யெவோ தோஸ் அஞோஸ் அகீ என்றால் நான் இங்கே இருந்து இரண்டு வருஷம் ஆகிறது. உணவகப் பலகையில் பாரா யெவார் என்று இருந்தால் பார்சல்.

போர், பாரா

ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'ஃபார்'. தமிழிலும் 'உனக்காக' என்பது இரண்டுக்கும் பொருந்திவிடுவதால் உருபை நம்ப முடியாது. கேள்வியை நம்பலாம். 'எதுக்கு?' என்று கேட்டால் வரும் விடை பாரா: நோக்கம், பெறுபவர், சேருமிடம், கெடு. பாரா எல் லூனெஸ், திங்கட்கிழமைக்குள். 'ஏன்?', 'எதனால்?', 'எவ்வளவுக்கு?', 'எது வழியாக?' என்ற கேள்விகளுக்கு போர்: காரணம், விலை, வழி. எஸ் பாரா தீ, இது உனக்கு. லோ ஆகோ போர் தீ, உன் பொருட்டுச் செய்கிறேன். நன்றி சொல்லும்போது எப்போதும் க்ராஸியாஸ் போர். நன்றிக்குக் காரணம் நடந்து முடிந்த ஒன்று.

செ: ஆங்கிலம் விளக்கத் திணறும் சிறிய சொல்

முதல் பத்தில் இடம்பெற்ற செ, இடத்துக்குத் தகுந்தபடி மெ, தே என்றும் மாறும். ஆங்கிலப் பாடங்கள் 'தன்னைத்தானே' என்று விளக்கிவிட்டு நகர்ந்துவிடும். அந்த விளக்கம் கண்ணாடி பார்ப்பதற்கும் முகம் கழுவுவதற்கும் போதும், அதற்கு மேல் உதவாது. பிறவினையும் தன்வினையும் நமக்குப் பள்ளியிலிருந்தே தெரியும். அதை இங்கே எடுத்துக்கொள்ளுங்கள். ரொம்பீ எல் வாஸோ, கண்ணாடி டம்ளரை உடைத்தேன். செ ரொம்பியோ எல் வாஸோ, டம்ளர் உடைந்தது. தெஸ்பெர்தே ஆல் நீஞோ, குழந்தையை எழுப்பினேன். மெ தெஸ்பெர்தே, எழுந்தேன். நனைத்தேன் என்றால் மொஹே, நனைந்தேன் என்றால் மெ மொஹே. தமிழில் உடைத்தது, உடைந்தது என்று ஒரு மெய்யெழுத்தால் நடக்கும் மாற்றத்தை அவர்கள் செ போட்டு நடத்துகிறார்கள்.

அதன் அடுத்த படி செ மெ ரொம்பியோ எல் வாஸோ. 'கை தவறி உடைஞ்சிடுச்சு' என்று நாம் சொல்லும் தொனி. தெரியாமல் நடந்தது, ஆனால் என் கையில் இருந்தபோது நடந்தது. மறதி, தொலைத்தல், கீழே விழுதல் எல்லாவற்றுக்கும் ஸ்பானியர் இயல்பாகச் சொல்வது இப்படித்தான்: செ மெ ஒல்விதோ, மறந்துபோச்சு. 'நான் உடைத்தேன்' என்ற நேர் வடிவம் இலக்கணப்படி சரி என்றாலும், வேண்டுமென்றே செய்ததுபோல் கேட்கக்கூடும்.

இன்னொரு வகையில் செ நம் துணைவினை 'விடு' செய்யும் வேலையைச் செய்கிறது. ஃபுவே ஆ லிமா, லிமாவுக்குப் போனான். செ ஃபுவே, போய்விட்டான். துர்மியோ ஓச்சோ ஓராஸ், எட்டு மணிநேரம் தூங்கினான். செ துர்மியோ, தூங்கிவிட்டான். மெ வோய் என்றால் 'நான் கிளம்பறேன்'. ஆங்கிலத்தில் இதற்கு நேரான கருவி இல்லை. ஆகவே செ வரும் வாக்கியங்களைத் தமிழில் மட்டுமே குறித்துக்கொள்ளுங்கள் என்பது எங்கள் உறுதியான யோசனை.

யா என்ற சொல்லும் இந்த ரகம். யா கொமீ, சாப்பிட்டாச்சு. 'ஆல்ரெடி' என்று படித்தால் எல்லா இடத்திலும் பொருந்தாது, 'ஆச்சு' நன்றாகப் பொருந்துகிறது. எதிர்மறையில் யா நோ வீவோ அகீ, இப்போது இங்கே குடியிருப்பதில்லை.

ஒரே சொல், துணையைப் பொறுத்துப் பொருள்

தியெம்போ என்றால் நேரமும் வானிலையும். மஞானா என்றால் காலையும் நாளையும். நாளைக் காலை என்பது மஞானா போர் லா மஞானா. எஸ்பெரார் என்றால் காத்திருப்பதும் நம்புவதும். பின்னால் பேருந்தோ ஆளோ வந்தால் காத்திருப்பு, கெ வந்து ஒரு வாக்கியம் தொடர்ந்தால் பெரும்பாலும் நம்பிக்கை. கெரேர் என்றால் வேண்டும். தே கியெரோ என்று ஆளிடம் சொன்னால் அன்பு, அம்மாவிடமும் சொல்லலாம்.

எல், லா மாறினாலே வேறு சொல்லாகிவிடுபவை உண்டு. எல் கபிதால் மூலதனம், லா கபிதால் தலைநகர். எல் கூரா பாதிரியார், லா கூரா சிகிச்சை. எல் கொமேதா வால்நட்சத்திரம், லா கொமேதா பறக்கவிடும் பட்டம். பெயர்ச்சொல்லைத் தனியாக எழுதாதீர்கள் என்று மேலே சொன்னது இதற்காகத்தான்.

ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்கள் விழும் பள்ளம் வேறு. எம்பரஸாதா என்றால் கர்ப்பிணி, கூச்சப்பட்டவள் அல்ல. எக்ஸிதோ என்றால் வெற்றி. வெளியேறும் வழி சலீதா. லிப்ரெரியா புத்தகக் கடை, நூலகம் என்பது பிப்லியோதேகா. அக்துவால்மெந்தே என்றால் தற்போது. கார்பேதா கோப்புறை. லார்கோ நீளம். ரோபா உடை. கொன்ஸ்திபாதோ என்று ஸ்பெயினில் மருந்துக்கடைக்காரரிடம் சொன்னால் சளி மருந்து கொடுப்பார். தமிழோடு ஒத்துப்போகும் ஒன்றிரண்டும் உண்டு: மேஸா நம் மேசைதான், போர்த்துகீசியர் வழியாக நம்மிடம் வந்து தங்கியது.

நாடு மாறினால்

எந்த நாட்டு ஸ்பானியம் வேண்டும் என்று முதல் மாதத்திலேயே முடிவு செய்யுங்கள். பிடித்துக்கொள்வது என்ற பொருளில் ஸ்பெயினில் நாள் முழுக்கப் புழங்கும் கொஹேர், மெக்சிகோவிலும் அர்ஜென்டினாவிலும் கெட்ட வார்த்தை. தொமார் எங்கும் பாதுகாப்பானது. பேருந்து பிடிக்கலாம், காபியும் குடிக்கலாம். குவாகுவா என்பது கியூபாவிலும் கேனரித் தீவுகளிலும் பேருந்து, சிலியிலும் எக்வடாரிலும் கைக்குழந்தை. தொர்தியா கேட்டால் ஸ்பெயினில் முட்டையும் உருளைக்கிழங்கும் சேர்த்த கனமான ஆம்லெட் வரும், மெக்சிகோவில் சோள மாவு ரொட்டி. அஓரீதா என்று மெக்சிகோக்காரர் சொன்னால் இந்த நிமிடமும் ஆகலாம், இன்னும் ஒரு மணிநேரமும் ஆகலாம்.

து, உஸ்தேத் என்பது நீ, நீங்கள் போலவே. ஆனால் மரியாதை எங்கே தொடங்குகிறது என்பது ஊருக்கு ஊர் வேறு. ஸ்பெயினில் கடைக்காரரிடம்கூட து சகஜம். கொலம்பியாவின் சில பகுதிகளில் வீட்டுக்குள்ளேயே உஸ்தேத். அர்ஜென்டினாவில் து என்பதற்குப் பதில் வோஸ். தெரியாத ஊரில் வயதானவரிடம் உஸ்தேத் என்று தொடங்குங்கள், அவரே மாற்றச் சொல்வார். உஸ்தேத் என்பதற்குப் படர்க்கை வினை வருவதால் ஸு காஸா என்பது 'அவர் வீடு', 'உங்கள் வீடு' இரண்டுமாகும். குழப்பம் வந்தால் லா காஸா தெ எல், லா காஸா தெ உஸ்தேத் என்று விரித்துச் சொல்லுங்கள்.

தெரிந்த சொல் பொருந்தாவிட்டால்

படிக்கும்போது பழகிய சொல் ஒன்று வாக்கியத்தில் ஒட்டாமல் நின்றால் இந்த வரிசையில் பாருங்கள். முன்னால் எல் இருக்கிறதா, லா இருக்கிறதா? அழுத்தக் குறி எங்கே விழுகிறது? வினைக்கு முன் மெ, தே, செ உண்டா? வினைக்குப் பின்னால் தெ, ஆ, என் போன்ற இடைச்சொல் ஒட்டியிருக்கிறதா? அகபார் என்றால் முடி. அகபோ தெ கொமேர் என்றால் 'இப்போதான் சாப்பிட்டேன்'. வொல்வேர் என்றால் திரும்பு. வொல்வேர் ஆ யமார் என்றால் மறுபடி கூப்பிடு.

அதற்குப் பிறகும் தெளியாவிட்டால் அகாதெமியாவின் இணைய அகராதியைத் திறங்கள், இலவசம்தான். செ சேர்ந்து வரும் பொருள்கள் அதில் ப்ரொனொமினால் என்பதன் சுருக்கத்தோடு தனியாகக் குறிக்கப்பட்டிருக்கும். நாட்டுப் பெயர்களின் சுருக்கமும் வழக்கொழிந்தது, கொச்சையானது என்ற குறிப்பும் அந்தந்தப் பொருளுக்கு முன்னால் இருக்கும். முதல் பொருளோடு நிறுத்திவிடாமல் கடைசிவரை ஓட்டிப் பாருங்கள். கொஹேர் பற்றிய எச்சரிக்கை அந்த நீண்ட பட்டியலின் இறுதியில்தான் கிடக்கிறது. பழைய அச்சு அகராதி கையில் இருந்தால் ஒன்றை நினைவில் வையுங்கள்: 1994 வரை ச ஒலிக்கான சி-ஹெச் இணைப்பும் இரட்டை எல்லும் தனி எழுத்துகளாக வரிசைப்படுத்தப்பட்டன. அதனால் யெவார், எல் எழுத்தில் தொடங்கும் மற்றச் சொற்கள் எல்லாம் முடிந்தபிறகே வரும்.